நோய்க் கணக்கும் வினைக் கணக்கும்

நத்தத்திலுள்ள சைவ அன்பர் ஒருவர் அண்மையில் வினாவொன்று விடுத்திருந்தார். அவருடைய உறவினர் ஒருவர்க்கு ஈரல் இறுகிப் பெருவயிறு கண்டு, கண்ணும் மேனியும் மஞ்சள் பூத்திருந்தன. மருத்துவ நிலையம் ஒன்றில் அவர்தம் குருதியை ஆய்ந்து எண்ணொன்று கணித்து, ‘இவ்வெண் உடையார் மூன்று திங்களைக் கடத்தல் அரிது’ என்றனராம். அதுகேட்ட சுற்றத்தார் இரு திறத்தினராயினர். ஒருசாரார், ‘ஊழ் விதித்ததை இன்று கருவி கொண்டு கண்டுவிட்டனர், இனி மருந்தும் பொருட்செலவும் வீண்’ என்றனர். மற்றொருசாரார், ‘உயிரின் எல்லையை இறைவன் ஒருவனே அறிவான், எண் கூறிய மருத்துவர் அவன் தொழிலிற் புகுந்தவராவர், அக்கணக்கே பாவம்’ என்றனர். நோயாளர்க்கோ ஒருவரும் ஒன்றும் உரைத்திலர். ‘இவ்விரு கூற்றினுள் சித்தாந்தத்திற்கு இயைந்தது யாது? நோயாளர்க்கு உரைத்தல் அறமோ, மறைத்தல் அறமோ?’ என்பது அன்பர் வினா.

இவ்வினா ஒரு மனைக்கு மட்டும் உரியதன்று. நெடுநாள் நின்று வருத்தும் ஈரல் நோயும் பித்தநாள நோயும் நம் நாட்டில் மிகுந்து வருகின்றன. அவற்றின் முடிவை முன்னரே எண்ணாற் கூறும் முறைகளும் உடன் பெருகுகின்றன. ஆகலின், இதனைச் சிறிது விரித்து ஆராய்தல் கடனாயிற்று. மேற்கூறிய இரு கூற்றும் தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும், ஒரு பிழையினின்றே கிளைத்தன. அப்பிழையாவது, மருத்துவர் கணிக்கும் எண்ணை உயிரின் வினையைக் கண்டறிந்த அறிவாகக் கொள்ளுதல். அஃது அன்ன அறிவன்று என்பதும், ஆயினும் பயனற்றதும் அன்று என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

கணக்கு வந்த வழி

நோயின் முடிவை முன்னுணர முயலுதல் புதுவதன்று. யவன நாட்டு மருத்துவ ஆசிரியரான இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் நூல்களுள் முன்னறிகுறிகளைக் கூறும் நூலும் ஒன்று. சரக சங்கிதையின் இந்திரியத்தானம் பன்னிரண்டு இயலானும் சாக்குறிகளை ஆராயும். ஆயுள்வேத நூலார் நோயினை எளிதில் தீர்வது, அரிதில் தீர்வது, முற்றும் தீராதாயினும் மருந்து உள்ளவரை அடங்கி நிற்பது, தீராதது என நால்வகைப்படுத்து, அவற்றுள் மூன்றாவதனை யாப்பியம் என்பர். நம் சித்த மருத்துவரும் நாடி பார்த்துச் சாத்தியம், அசாத்தியம் என வரையறுப்பர். ஆகவே முன்னறிதல் பாவமாயின், அப்பாவம் மருத்துவ நூல் தோன்றிய நாள்தொட்டு உள்ளதாகும்.

இக்காலத்து முறை அக்குறிகளை அளந்து எண்ணாக்கியதே. ஈரல் பித்தத்தை வடித்துக் குடலிற் செலுத்துவது. குருதியை உறையச் செய்யும் பொருள்களையும், நீரைக் குருதிக் குழாயினுள் நிறுத்தும் அல்புமினையும் ஆக்குவது. நச்சுப் பொருள்களை மாற்றுவது. அஃது இறுகித் தளருங்கால் பித்தத்தின் நிறப்பொருளாகிய பிலிரூபின் குருதியில் மிகும். குருதி உறையக் காலம் நீளும். அல்புமின் குறைந்து வயிற்றில் நீர் கோக்கும். நச்சு மூளையை எட்டி அறிவு மயங்கும். 1964-இல் அமெரிக்க அறுவை மருத்துவராகிய சைல்டும் டர்க்கோட்டும் இத்தகைய குறிகளைக் கொண்டு, அறுவையைத் தாங்கவல்லார் யார், தாங்கமாட்டார் யார் என மூவகைப்படுத்தினர். 1973-இல் இலண்டனில் பியூ என்பாரும் உடனிருந்தோரும் அதனைத் திருத்தினர். பிலிரூபின், அல்புமின், குருதி உறையும் காலம், வயிற்று நீர், அறிவு மயக்கம் என்னும் ஐந்தனுக்கும் ஒன்று முதல் மூன்றுவரை எண்ணிட்டுக் கூட்டுவர். கூட்டுத்தொகை 5, 6 ஆயின் முதல் வகை. 7 முதல் 9 வரை இரண்டாம் வகை. 10 முதல் 15 வரை மூன்றாம் வகை.

ஈரலினுள் உள்ள நுண்ணிய பித்தநாளங்கள் சிறிது சிறிதாக அழியும் நோயொன்று உண்டு. அது பெரும்பாலும் நடுவயதுப் பெண்டிரைப் பற்றுவது. அந்நோயாளர்க்கென அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தார் 1989-இல் தனியாக ஒரு கணக்கு வகுத்தனர். வயது, பிலிரூபின், அல்புமின், குருதி உறையும் காலம், வீக்கம் ஆகிய ஐந்துமே அதற்கு வேண்டுவன. உடலிற் கருவி செலுத்திச் சதையெடுத்து ஆராய வேண்டுவதில்லை. 2000-இல் அந்நிலையத்தாரே, ஈரலுள் குருதி செல்லப் புதுவழி அமைக்கப்பெற்ற 231 நோயாளரை ஆராய்ந்து மற்றொரு கணக்கு வகுத்தனர். அதுவே மெல்டு என இன்று வழங்குவது. பிலிரூபின், குருதி உறையும் அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்னும் மூன்றனையும் கொண்டு 6 முதல் 40 வரை எண் தருவது அது.

அவ்வெண் என்ன கூறுகின்றது என்பதே ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. மாற்று ஈரல் வேண்டிக் காத்திருந்த 3,400-க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட அளவின்படி, எண் 9-க்குட்பட்டவருள் மூன்று திங்களில் இறந்தோர் நூற்றுக்கு இருவரளவினர்; 20 முதல் 29 வரை உடையாருள் இருபதின்மரளவினர்; 30 முதல் 39 வரை உடையாருள் ஐம்பத்துமூவரளவினர்; 40-ஐ எட்டியவருள் எழுபத்தொருவரளவினர். ‘எழுபத்தொருவர் இறந்தனர்’ என்று வாசிப்பவர், ‘இருபத்தொன்பதின்மர் இருந்தனர்’ என்பதனையும் உடன் வாசித்தல் வேண்டும். அக்கணக்கின் மிக உயர்ந்த எண்ணும், இந்நோயாளர் அவ்வெழுபத்தொருவருள் ஒருவரோ இருபத்தொன்பதின்மருள் ஒருவரோ என்பதனைக் கூறிற்றிலது; கூறவும் மாட்டாது.

அளவையால் ஆராய்தல்

நம் ஆசிரியர்கள் பொருளின் உண்மையைத் துணிதற்குக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றளவைகளைக் கொண்டனர். மருத்துவர் கணக்கு இவற்றுள் எதன்பாற்படும்? மேனியின் மஞ்சளையும் வயிற்றின் நீரையும் காணுதல் காட்சி. அவற்றால் உள்ளிருக்கும் ஈரலின் தளர்ச்சியை அறிதல் கருதல். இது புகையைக் கண்டு தீயை உணர்தல் போலக் காரியத்தால் காரணத்தை அறிதலாகலின் வலியுடையது. ஆனால் இந்நோயாளர் மூன்று திங்களில் இறப்பார் எனல் காரணத்தால் காரியத்தைக் கருதுதல். அது மேகத்தைக் கண்டு மழை வரும் என்பது போல்வது. கரந்தமலைமேற் கவிந்த முகில் எல்லாம் நத்தத்துப் புன்செயில் பெய்துவிடுவதில்லை. காற்று வேறு திசைக்குக் கொண்டு போதலும் உண்டு. இடைநின்று தடுப்பன பலவாகலின், எதிர்காலத்தைப் பற்றிய கருதல், புகையால் தீயை உணரும் கருதலுக்கு நிகராகாது.

அன்றியும், கருதலுக்கு உயிராவது ஏதுவிற்கும் பொருளிற்கும் உள்ள பிரியாத இயைபு. புகையுள்ள விடத்துத் தீயின்மை ஒருகாலும் இல்லை. ‘எண் 40 உடையார் மூன்று திங்களில் இறப்பர்’ என்பதற்கு அத்தகைய இயைபு இல்லை. நூற்றுக்கு இருபத்தொன்பதிடத்து அது பிறழ்ந்தமை அக்கணக்கினரே கூறியது. ஆகவே இவ்வெண் ஒரு தொகுதியைப் பற்றிய துணிவாகுமேயன்றி, ஒருவரைப் பற்றிய துணிவாகாது.

இதனை நத்தத்தார்க்கு எளிதின் விளக்கலாம். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர் பூத்த பருவத்தே தோப்பினைச் சுற்றிப் பார்த்து, இவ்வாண்டு இத்துணைக் காய் தேறும் என மதித்து விலை பேசுகின்றார். பழகிய கண்ணுடையார் மதிப்பு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் ஒரு கொம்பின் ஒரு பூவைச் சுட்டி, ‘இது காயாகுமா, உதிருமா?’ என்று வினவின், அவர் நகைத்துவிட்டுப் போவார். தோப்பைப் பற்றிய அறிவு பூவைப் பற்றிய அறிவன்று. மருத்துவர் எண்ணும் தோப்பின் கணக்கே.

மேலும், தோப்பின் கணக்கும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. மேற்கூறிய பித்தநாள நோய்க்கு 1989-இல் வகுத்த கணக்கு, பயன்றரும் மருந்து பரவுமுன் வாழ்ந்த நோயாளரைக் கொண்டு வகுத்தது. பின்னர், கரடியின் பித்தத்தில் முதற்கண் அறியப்பட்டு அதனாற் பெயர்பெற்ற அர்சோடியாக்சிகோலிக் அமிலம் மருந்தாகப் பயன்பட்டது. அம்மருந்து நன்கு பலித்தவர் பலர் ஏனையோரைப் போலவே வாழ்கின்றனர். ஆகவே மருந்து பலித்ததா என்பதனையும் சேர்த்துப் புதுக் கணக்குகள் வகுக்க நேர்ந்தது. அந்நோய்க்கு முன்பு ‘பித்தநாள ஈரலிறுக்கம்’ என்னும் பொருள்படும் பெயர் வழங்கியது. அப்பெயர் பெற்றவருட் பெரும்பாலார்க்கு ஈரல் இறுகவே இல்லை என்றும், பெயரே அவர்களை அச்சுறுத்துகின்றது என்றும் கண்டு, 2015-இல் ‘பித்தநாள அழற்சி’ என்னும் பொருள்பட அதனை மாற்றினர். பெயரும் எண்ணும் மாறின; அந்நோயாளரின் பிராரத்தம் மருத்துவ நூலின் பதிப்புக்குப் பதிப்பு மாறிற்று எனக் கூறுவாருண்டோ? மாறியது நம் அறிவே.

வினை நிற்கும் நிலை

‘அற்றேல், பெறுதலும் இழத்தலும், இன்புறுதலும் பிணியுறுதலும், மூத்தலும் இறத்தலும் ஆகிய ஆறும் உயிர் கருவினுட் புகும்போதே அமைந்தன எனச் சித்தாந்த நூல்கள் கூறுமன்றோ? அமைந்தது அமைந்தவாறே நிகழுமாயின் மருந்து எற்றுக்கு?’ என்று முதற்சாரார் கடாவுவர்.

கூறுவது மெய்யே. ஆயினும், ஒன்று வரையறுக்கப்பட்டிருத்தல் வேறு. அவ்வரையறையை நாம் அறிந்திருத்தல் வேறு. சஞ்சிதத்தினின்று இப்பிறப்பிற்கென முகந்த பிராரத்தத்திற்கு ஓர் அளவு உண்டு என்பது நூற்றுணிபு. அவ்வளவு இத்துணை என்பது எந்நூலும் எவர்க்கும் கூறியதன்று. வினை அறிவில்லாதது; தானே தன்னை உயிரோடு கூட்டமாட்டாது. அதனை அறிந்து, உயிரின் பக்குவம் நோக்கிக் கூட்டுவோன் முதல்வன் ஒருவனே. அவன் அறிவில் உள்ளதனை, குருதியிற் கலந்த மூன்று பொருளின் அளவில் வாசித்துவிட்டோம் எனல், அரசன் உள்ளக் கருத்தை அரண்மனை வாயிலின் நிறங்கண்டு உணர்ந்தேன் என்பானது கூற்றினை ஒக்கும்.

அளவு அறியப்படாதவழி, மருந்துண்டலும் அப்பிராரத்தத்தின் பகுதியாதல் கூடும். இன்ன நாளில் இன்ன மருத்துவரைக் கண்டு இன்ன மருந்தால் நோய் தணிதலும் வினைப்பயனே. அதனை நீக்கி, இறத்தலை மட்டும் வினைப்பயன் எனக் கொள்ளுதல் எந்நியாயத்தால்? பசி வினையால் வந்தது என்று அறிந்தவரும் உண்ணாது கிடப்பதில்லை. பிணிக்கு மட்டும் அவ்வேதாந்தம் பேசுவது, பெரும்பாலும் பிறருடைய பிணிக்கே.

இவ்வாராய்ச்சி நம்முடையது மட்டும் அன்று. திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலத்து அந்நாட்டிற் பரவிய குளிர்சுரம் அடியாரையும் பற்றியது. அஃது அந்நிலத்தின் இயல்பு என விண்ணப்பித்தனர். பெருமான் அதனோடு அமையாது திருநீலகண்டத் திருப்பதிகத்தை அருளினார். அடியாரை மட்டுமன்றி நாட்டையே அந்நோய் விட்டகன்றது எனச் சேக்கிழார் கூறுவர். வந்த துன்பத்தை முன்னைவினை என்று பெயரிட்டு, அதனைக் கடக்கும் வழியைத் தேடாதொழிதல் குறைபாடு என்பதே அப்பதிகம் தொடங்குமிடத்துப் பொருள். வினை உண்டு என்பதனை நன்கறிந்தவரே வினையைச் சாக்காக்கும் மடியினைக் கடிந்தார் என்பது நம்மனோர் மறவாதிருத்தற்பாலது.

திருக்கடவூரில் மார்க்கண்டேயர்க்கு விதித்த பதினாறாண்டின் எல்லை கடக்கப்பட்டமையும் ஈண்டு நினைக்கத்தகும். அவ்வரலாற்றால், எல்லை வகுத்தவன் அதற்குக் கட்டுப்பட்டவனல்லன் என்பது பெறப்படும். எல்லா நோயாளர்க்கும் அங்ஙனம் நிகழும் என எதிர்பார்க்க வேண்டும் என்பது அதன் கருத்தன்று. அருளைக் கணக்கிட முயல்வதும், அருள் வராது எனக் கணக்கிட முயல்வதும் ஒத்த பிழைகளே.

காஞ்சிக் குழந்தை

நம் நாட்டு நிகழ்ச்சியொன்று இதனைத் தெளிவிக்கும். பிறக்கும்போதே பித்தநாளம் அடைபட்டிருக்கும் நோய் குழந்தைகட்கு உண்டு. 1959-இல் சப்பானிய மருத்துவர் கசாய் அதற்கு ஓர் அறுவை முறையை வெளியிட்டார். பிறந்து ஏறத்தாழ 60 நாளுக்குள் செய்யின் அது நன்கு பயன்படுவது. நாள் கடக்கக் கடக்கப் பயன் குறையும். ஒன்றும் செய்யாது விடின் பெரும்பாலான குழந்தைகள் இரண்டாண்டு கடப்பதில்லை. காஞ்சிபுரத்துக் குழந்தையொன்று இந்நோயோடு பிறந்தது. 1998 நவம்பரில், இருபது திங்கள் நிரம்பிய அக்குழந்தைக்குத் தில்லியில் தந்தையார் தம் ஈரலின் ஒரு பகுதியை ஈந்தார். இந்தியாவில் வெற்றியுற்ற முதல் ஈரல் மாற்று அதுவேயாம். அக்குழந்தை வளர்ந்து கற்று மருத்துவராயிற்று.

அக்குழந்தையை முன்னைக் கணக்கினுள் வைத்திருப்பின் ‘இரண்டாண்டு’ என்பதே விடை. அக்கணக்கு பொய்யன்று, மாற்று ஈரல் பெறாதவர்களைப் பற்றி அது மெய்யே கூறியது. அதனை மெய்யென உணர்ந்தமையாலன்றோ தந்தையாரும் மருத்துவரும் காலந்தாழ்த்தாது முயன்றனர்? ‘ஊழ்’ என்று அமர்ந்திருப்பின் அக்கணக்கே ஊழாயிருக்கும். ‘கணக்கே பாவம்’ என்று ஒதுக்கியிருப்பினும் முடிவு அதுவே. கணக்கினை எச்சரிக்கையாகக் கொண்டமையால் உயிர் நின்றது. இறந்துபட்டிருப்பினும் அவர் முயற்சி அறமாகவே எண்ணப்படும். பயன் ஊட்டுவோன் வேறாகலின்.

கணக்கினால் ஆகும் அறம்

இனி, ‘கணக்கே பாவம்’ என்னும் இரண்டாஞ்சாரார்க்கு விடை கூறுதும். ஈவோர் சிலராய் வேண்டுவோர் பலராயவிடத்து, ஓர் ஈரல் கிடைக்குமாயின் அதனை யார்க்கு அளிப்பது? செல்வர்க்கோ, அறிமுகமுடையார்க்கோ, முன்வந்து நின்றார்க்கோ? அமெரிக்க நாட்டில் 2002 பெப்ருவரி முதல், நெடுநாட் காத்திருந்தார்க்கு என்பதனை விடுத்து, மெல்டு எண் மிக்கார்க்கு, அஃதாவது இறக்குந் தறுவாயில் மிக்கார்க்கு, முதற்கண் அளிக்கும் முறை கொண்டனர். அங்ஙனம் செய்தற்கு எண் இன்றியமையாததாயிற்று. முகம் நோக்காது தேவை நோக்கல் நடுவுநிலைமையாகலின், இவ்வகையில் கணக்கு அறத்திற்குத் துணையாகின்றது.

அக்கணக்கின் வரலாற்றில் சைவர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. முதலில் வகுத்தபோது நோயின் காரணமும் அதனுள் ஓர் உறுப்பாக இருந்தது. பின்னர், அதனை நீக்கினும் கணக்கின் திருத்தம் பெரிதும் குறையாமை கண்டு விட்டுவிட்டனர். குடியால் ஈரல் கெட்டவர்க்கும், குடியாதே கெட்டவர்க்கும் எண் ஒன்றே. ‘தானே தேடிக்கொண்டது’ என்று சொல்லி நோயாளரை வெறுப்பது நம்மூர்களிற் காணும் வழக்கம். குடி தீவினையே, அது புதிய ஆகாமியம் ஏற்றுவது என்பதில் ஐயமில்லை, அதனை விடுவித்தலும் மருத்துவத்தின் பகுதியே. ஆனால் ஒருவர் வினைக்குத் தண்டம் வகுக்கும் தொழில் மருத்துவர்க்கோ சுற்றத்தார்க்கோ அளிக்கப்பட்டதன்று. இறைவன் கூட்டும் துன்பமும், தந்தை மகனை ஒறுத்தல் போல, உயிர் திருந்துதற்பொருட்டன்றோ? வெறுப்பினால் ஒதுக்குவாரது ஒறுத்தல் யாரைத் திருத்தும்?

கணக்கு நடுவுநிலையினின்று பிறழ்தலும் உண்டு. கிரியேட்டினின் தசையினின்று பிறப்பது. பெண்டிர்க்குத் தசை குறைவாகலின், சிறுநீரகம் தளர்ந்தவிடத்தும் அவ்வளவு தாழ்ந்தே காணும். அதனால் ஒத்த நோயுடைய ஆடவரினும் பெண்டிர்க்கு எண் குறைந்து, காத்திருந்தே இறந்தவர் மிகுந்தனர். இக்குறை உணரப்பட்டு, 2023 சூலையில் பெண்டிர்க்கு எண் கூட்டிக் கணக்கு திருத்தப்பட்டது. இருபதாண்டிற்கு மேல் பலருயிரை வரிசைப்படுத்திய ஓரெண்ணும் இங்ஙனம் திருத்தத்திற்குரியதாயிற்று. மலத்தாற் சிற்றறிவினராய மக்கள் வகுத்தது திருத்தம் வேண்டுதல் இயல்பு; திருத்தம் வேண்டுவது ஆகமத்தின் இடத்திற்கு வாராது.

ஈவோர் கடமையும் இதனோடு தொடர்புடையது. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு, விபத்தில் மூளையிறந்த தம் மகனின் உறுப்புக்களைத் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் ஈந்தபின் அக்கொடை பரவலாயிற்று. அங்ஙனம் ஈந்தார் உடல் அரசு மரியாதையோடு அடக்கப்படும் என 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துள் ஈரல் மாற்றும் அடங்குவதனால் எளியோரும் அதனைப் பெறுகின்றனர். ‘பிறர் உறுப்பைப் பெறின் அவர் வினையும் வந்து பற்றுமோ?’ என அஞ்சுவார் உளர். உடம்பு மாயையின் காரியம். வினை உயிரைப் பற்றியது. ஈரலோடு வினை இடம்பெயராது. கண்ணை இடந்து அப்பிய வேடர்பெருமானை நாள்தோறும் வழிபடும் நமக்கு, அன்பினால் உறுப்பு ஈதல் புதிதன்று.

உரைத்தலும் மறைத்தலும்

எஞ்சியது நோயாளர்க்கு உரைக்கும் வினா. சரகம், கேளாதவிடத்துச் சாக்குறியைக் கூறற்க என்றும், கேட்பினும் நோயாளர்க்கோ பிறர்க்கோ ஊறு நேருமாயின் கூறற்க என்றும் விதிக்கும். ‘குற்றமற்ற நன்மை தருவதாயின் பொய்யும் வாய்மையோடு ஒக்கும் என்னும் பொருள்படத் திருவள்ளுவரும் கூறினாரன்றோ? ஆகவே மறைத்தலே அறம்’ என்பர்.

இவ்விடத்து, ‘குற்றமற்ற’ என்னும் அடையை நோக்குதல் வேண்டும். மறைத்தலால் நோயாளர்க்கு வரும் இழவு யாது? அவர் தீர்க்கவேண்டிய கடன் தீராது நிற்கும். மக்கட்குச் சொல்லவேண்டியது சொல்லாது போம். பகைத்தாரோடு ஒப்புரவாகும் காலம் கழியும். இவற்றினும் பெரிது, அரிதாகிய மானிடப் பிறவியின் எஞ்சிய நாளைத் திருநீற்றிலும் ஐந்தெழுத்திலும் ஆசிரியர் வழிபாட்டிலும் செலுத்தும் வாய்ப்பு பறிக்கப்படும். ‘நாளை நலமாகிவிடுவீர்’ என்று நாள்தோறும் கூறி, அந்நாளையெல்லாம் அவரிடமிருந்து கவர்ந்துகொள்ளுதல் குற்றமற்ற நன்மையாமோ? ஆகாது. இம்மைக்கு மட்டும் உரிய நூல் மறைத்தலை ஒருவாறு பொறுக்கலாம். உயிரின் ஈடேற்றத்தைக் குறிக்கோளாகக் கொண்ட நெறி அதனைப் பொதுவிதியாகக் கொள்ளாது.

ஆயினும், உரைக்கும் முறை ஒன்று உண்டு. கேட்பவர்க்கு, அவர் கேட்கும் அளவில், தாங்கும் அளவில் உரைத்தல் வேண்டும். அறிய விரும்பாதார் மேல் வலிந்து திணித்தல் ஆகாது. ‘உமக்கு மூன்று திங்கள்’ என்று கூறுதல் அறியாததனை அறிந்ததாகக் கூறலாகலின் அதுவும் பொய்யே. ‘உம்மைப்போல் நோயுற்ற நூற்றுவருள் இத்துணைவர் இக்காலத்துள் இறந்தனர், இத்துணைவர் இருந்தனர், உம்மை எத்திறத்தார் என யாம் அறியேம், இன்ன மருந்து உண்டு, யாம் உடனிருப்போம்’ என்பதே வாய்மை. இதன் ஈற்றுத்தொடர் இல்வழி, ஏனைய யாவும் மெய்யாயினும் அவ்வுரை கொடிதாம்.

ஏனெனில், நோய்க்கணக்கினால் விளையும் பெருங்கேடு கைவிடுதலே. திருநாவுக்கரசு நாயனார் தருமசேனராய் இருந்த காலத்துச் சூலை பற்றியபோது, அருகிருந்தோர் தாம் அறிந்தன யாவும் செய்து பார்த்துப் பலியாமையால் கைவிட்டு நீங்கினர். சமயங் குறித்து இதனை ஈண்டு எடுத்தோமல்லம். ‘எம்மால் ஆகாது’ என்பது அவர் தம் ஆற்றலைப் பற்றிக் கண்ட உண்மை. நோயாளரைப் பற்றிக் கண்ட முடிவன்று. அதனை முடிவாகக் கொண்டு நீங்கியதே பிழை. திலகவதியார்க்கும் மருந்து தெரியாது, அவர் தம்பியாரை நீங்காது உடன்கொண்டு திருவதிகைத் திருக்கோயிலின்கண் புக்கார், திருநீறு அளித்தார். பின் நிகழ்ந்தது உலகறிந்தது.

‘அங்ஙனமாயின், நிலத்தை விற்றும் எல்லா மருத்துவமும் செய்தே தீரவேண்டுமோ?’ எனின், அற்றன்று. நோயை நீக்கும் மருத்துவம் வேறு. நோவைத் தணிக்கும் மருத்துவம் வேறு. பயன் மிக அரிது எனப் பலர் ஆய்வால் அறிந்தவிடத்து, துன்பத்தையே மிகுக்கும் சிகிச்சையை நோயாளர் வேண்டாமென்னின் அதனை நிறுத்துதல் கொலையன்று. மனைவி மக்கள் வாழ்விற்குரிய நிலத்தைக் காத்தலும் அவர்க்கு அறமே. இவ்விடத்து எண் நன்கு பயன்படும். ஆனால் நோவு தணித்தலும், நீர் ஊட்டுதலும், அருகிருத்தலும், திருமுறை ஓதிக் கேட்பித்தலும் எவ்வெண்ணாலும் நிறுத்தப்படத் தக்கன அல்ல. முன்னையது செய்ய ஒன்றுமில்லை என்னும் நாளிலும் பின்னையது செய்யப் பல உள.

முடிபு

ஆகவே பெறப்பட்டன இவை. மருத்துவர் எண் கருதலளவையின் பாற்பட்டது, தொகுதியைப் பற்றியது, திருத்தத்திற்குரியது. வினையின் வரையறை உண்மையே. அது முதல்வன் ஒருவனால் அறியப்படுவது. எண் அதனைக் காட்டாது. ஆதலின் எண்ணை ஊழெனக் கொண்டு முயற்சியைக் கைவிடுதல் பிழை. எண்ணை முயற்சிக்கும், முறைசெய்தற்கும், நோவு குறைத்தற்கும் துணையாகக் கொள்ளுதல் அறம். கேட்கும் நோயாளர்க்கு, கைவிடோம் என்னும் உறுதியோடு மெய் கூறுதல் கடன்.

நத்தத்து அன்பர் உறவினர்க்கு எத்துணை நாள் எஞ்சியுள்ளது என்பது நாம் அறியாதது. நம் ஒவ்வொருவர்க்கும் எத்துணை நாள் என்பதும் அங்ஙனமே. நோயாளரிடத்து எண் கூறிய மருத்துவர்க்கும் அதுகேட்டு அழுத சுற்றத்தார்க்கும் எண் ஒன்று உண்டு. அஃது எழுதிக் கொடுக்கப்படவில்லை என்பதே வேற்றுமை. அறியாத நாளை அறிந்தவன் திருவடிக்கண் வைத்து, அறிந்த கடமையை இன்றே செய்தல் சைவர்க்கு முறையாம்.

திருச்சிற்றம்பலம்